அண்ணன் பெர்ல், தம்பி பைத்தான்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை என் மாமனாருக்குக் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. "சாஃப்ட்வேர் பேக்கேஜிங்" என்றேன். "அட்டப்பெட்டியில போட்டு ஒட்டுறதா மாப்ள?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. யார் யாரோ எழுதிய புரோகிராம்களை ஒன்றாகக் கட்டி, எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஒரே அழுத்தில் ஓடும்படி செய்து கொடுக்க வேண்டும். சரக்கு அடுத்தவருடையது. கட்டு மட்டும் நம்முடையது. கட்டு அவிழ்ந்தால் திட்டும் நமக்கு.

சென்னையில் வெகுகாலம் இதைத்தான் செய்தேன். ஒருநாள் ஆள் குறைப்பு என்று மீட்டிங் போட்டார்கள். கையிலிருந்த காபி ஆறுவதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது. மனைவி புதுக்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் ஊருக்கு வந்து சேர்ந்தேன். நாற்பதைத் தாண்டிய ஆளை எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் சாஃப்ட்வேர் என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களில் பாதி கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற சென்டர்கள், மீதி ஜெராக்ஸ் கடைகள். உண்மையிலேயே எழுதி விற்கிற கம்பெனி என்று நான் கண்டது ஒன்றுதான். அங்கே எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. என் வயதுக்கும் என் வேலைக்கும் இந்த மாவட்டத்தில் இருந்த ஒரே நாற்காலி அது. அதற்குப் பிறகு நான் பொறுத்துக்கொண்ட எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலிதான் காரணம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி கீழ ராஜவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. புதுக்கோட்டையில் தெருக்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். மனிதர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று எந்த ராஜாவும் சட்டம் போடவில்லை போலிருக்கிறது. முதலாளிகள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. பெரியவர், சின்னவர் என்றே வைத்துக்கொள்கிறேன். லாரியை ஏற்றி நிறுத்தி எடை போடுகிற எடைமேடைகளுக்கு அவர்கள் புரோகிராம் எழுதி விற்றார்கள். கறம்பக்குடி, ஆலங்குடி, அறந்தாங்கி என்று தைலமரக் கட்டையும் ஜல்லியும் நெல்லும் போய்வருகிற ரோடுகளில் பல மேடைகளில் அவர்களுடையதுதான் ஓடியது.

பெரியவர் எடை மெஷின் ரிப்பேர் பார்த்து மேலே வந்தவர். மெஷினிலிருந்து வருகிற ஒயரில் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எந்தக் காலத்திலோ பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, மெஷினிலிருந்து எடையை வாங்குகிற பாதியை அதில் எழுதியிருந்தார். சின்னவர் எம்.சி.ஏ. படித்தவர். வாங்கிய எடையைச் சீட்டாக அடித்து, லாரிக்காரர் போனுக்கு மெசேஜ் அனுப்புகிற மீதிப் பாதியைப் பைத்தான் என்ற மொழியில் எழுதியிருந்தார். ஒரு பாதியை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு காரணத்தால்தான் கம்பெனி உடையாமல் இருந்தது. மற்றபடி அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஏன் இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பொதுக்கிணற்று மோட்டார் என்றார் ஒருவர். அவர்கள் அப்பாவின் கருமாதிப் பந்தியில் சின்னவர் மனைவிக்குக் கடைசியில் இலை போட்டதாகச் சொன்னார் இன்னொருவர். எனக்கு எதிலும் நம்பிக்கையில்லை. பங்காளிச் சண்டைக்குக் காரணம் தேடுவது வெட்டி வேலை. சண்டைதான் முதலில் வரும், காரணம் பின்னால் வந்து சேரும்.

மாடியில் வரிசையாக மூன்று அறைகள். முதல் அறை பெரியவருக்கு, கடைசி அறை சின்னவருக்கு, நடு அறை எனக்கு. என்னை வேலைக்கு எடுத்தபோது எனக்கு என்ன தெரியும் என்று இருவரும் கேட்கவில்லை. "தம்பி, ஒங்களுக்குக் கோவம் வருமா?" என்று பெரியவர் கேட்டார். "சார், நீங்க எங்க கிராமத்துப் பக்கம் இல்லைல்ல?" என்று சின்னவர் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றேன். இரண்டாவது பதில் உண்மை.

அவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லமாட்டார்கள். அண்ணன், தம்பி என்றும் சொல்லமாட்டார்கள். 'அங்கிட்டு' என்பார்கள், அவ்வளவுதான். "அங்கிட்டு கரண்ட் பில்லு கட்டியாச்சான்னு கேளுங்க தம்பி." "கட்டியாச்சுன்னு அங்கிட்டு சொல்லிருங்க சார்." கேட்டது, சொன்னது எல்லாம் சுவர் வழியாக இருவருக்குமே நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் எழுந்து போய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. முதல் மாதம் சிரிப்பாக இருந்தது. பிறகு கால் வலித்தது.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். வேறு வேறு மொழியில் எழுதிய இரண்டு புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்துக்கொள்ள எத்தனையோ சுலபமான வழிகள் இருக்கின்றன. ஒன்று இன்னொன்றை எழுப்பி, கையோடு எடையைக் கொடுத்து, "இதைச் சீட்டு அடி" என்று வேலை வாங்கலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். நான் அதைச் சொன்னபோது பெரியவருக்குச் சம்மதம். அவருடைய பெர்ல் முதலில் ஓடும், அது சின்னவருடைய பைத்தானை எழுப்பும். முறையும் அதுதானே என்றார். சின்னவர் முகம் கறுத்துவிட்டது.

"என் புரோகிராம அங்கிட்டுள்ளது வந்து எழுப்புறதா? எனக்கு வேலை சொல்றதா? வேணும்னா நான் எழுப்புறேன். அது எடையக் குடுத்துட்டுப் போகட்டும்."

அதைப் போய்ச் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூத்தவன ஏவல் ஆளாக்குறானா? சரி, அப்படியொண்ணும் நடக்காதுன்னு அங்கிட்டு சொல்லிருங்க."

கடைசியில் நான் ஷெல் என்ற இன்னொரு மொழியில் மூன்றாவதாக ஒன்றை எழுதினேன். அது பெரியவரின் புரோகிராமை எழுப்பும். எடையையும் லாரி நம்பரையும் நேரத்தையும் அதனிடமிருந்து வாங்கி, ஒரு சின்ன ஃபைலில் போட்டு வைக்கும். பெரியவருடையதைத் தூங்க அனுப்பிவிட்டுச் சின்னவருடையதை எழுப்பி, அந்த ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும். இன்னொருவர் இருப்பதே அந்த இரண்டுக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர்கள் இருவரும் ஒரே மனதாக ஒத்துக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இப்படி ஒரு கேவலமான ஏற்பாட்டைச் சென்னையில் செய்திருந்தால் என்னை அப்போதே அனுப்பியிருப்பார்கள். இங்கே எனக்கு அதனால்தான் சோறு கிடைத்தது.

ஒருமுறை கறம்பக்குடி ரோட்டு எடைமேடையிலிருந்து போன் வந்தது. தைலமரக் கட்டை ஏற்றிய லாரிக்கு எடை பதினெட்டு கிலோ என்று சீட்டு வந்திருக்கிறதாம். "சார், ஒரு ஆட்டுக்குட்டி எடைதான் சார் இருக்கு" என்று மேடை ஆபரேட்டர் சிரித்தார். பின்னால் லாரி டிரைவர் சிரிக்கவில்லை, திட்டிக்கொண்டிருந்தார். தோண்டிப் பார்த்தால் விஷயம் இதுதான். அதுவரை வெறும் எண்ணாக வந்துகொண்டிருந்த எடையில், படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பெரியவர் ஆயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டுவிட்டார். பதினெட்டு, கமா, அறுநூற்று நாற்பது. ஃபைலிலோ எடை எங்கே முடிகிறது, லாரி நம்பர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவதே கமாதான். சின்னவரின் பைத்தான் முதல் கமாவோடு நிறுத்திக்கொண்டது. எடை பதினெட்டு கிலோ, லாரி நம்பர் அறுநூற்று நாற்பது.

சாதாரண ஆபீஸாக இருந்தால், "கமா போடாதீங்கண்ணே" என்ற இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். இங்கே அதற்கு ஒரு பகல் ஆயிற்று. நான் போட்ட கமாவை எடுக்க மாட்டேன், படிக்கத் தெரியாதது அங்கிட்டு என்றார் அண்ணன். சொல்லாமல் கொள்ளாமல் மாற்றியது அங்கிட்டு, நான் ஏன் மாற்ற வேண்டும் என்றார் தம்பி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்று சும்மாவா சொன்னார்கள்? நான் என் ஷெல்லில் ஒரு வரி சேர்த்தேன். பெரியவர் கொடுக்கும் எடையில் கமா இருந்தால் வழியிலேயே பிடுங்கிவிட வேண்டியது. பெரியவர் கமா போட்டுக்கொண்டே இருந்தார். சின்னவருக்கு அது போய்ச் சேரவே இல்லை. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்.

அப்படி வரி வரியாக என்னுடையது பெருத்துக்கொண்டே போனது. அவர்கள் எழுதியதைவிட நடுவில் நான் எழுதியது பெரிதாகிவிட்டது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு சண்டை.

ஒருநாள் இதையெல்லாம் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அவங்க ரெண்டு பேரும் சேந்துட்டா அந்த ஆபீஸ்ல ஒங்களுக்கு என்னங்க வேலை?"

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கூத்தாடி நான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர்கள் பேசிக்கொண்டால் நடுவில் ஆள் தேவையில்லை. பேசாமல் பிரிந்துபோனாலும் நடு என்று ஒன்று இருக்காது. இப்படியே பகையும் முற்றாமல் உறவும் கூடாமல் கிடந்தால்தான் எனக்குப் பிழைப்பு. இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். பேசிக்கொண்டால் கம்பெனி வளரும், வளர்ந்தால் எனக்கு ஏதாவது ஒரு மூலையில் வேலை இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மஞ்சள் பையில் பத்திரிகைகளோடு ஒருநாள் காலையில் ஆபீஸுக்கு வந்தார். எனக்கு ஒன்று, மாடிப்படி பெருக்குகிற அம்மாவுக்கு ஒன்று, கீழே டீக்கடைக்கு ஒன்று. பிறகு என் மேஜையில் இன்னொன்றை வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மேலே பெயர் எழுதவில்லை.

"இத அங்கிட்டு குடுத்துருங்க தம்பி."

"அண்ணே, இது நான் குடுக்குறதில்லண்ணே. கூடப்பொறந்தவரு. நீங்களும் மதினியும் வீட்டுக்குப் போயி, வெத்தல பாக்கு வச்சு..."

"தெரியும் தம்பி." கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் போயி நிக்கிறேன். அவன் கதவத் தொறக்கலன்னா? என் வீட்டுக்காரி முன்னாடி, அந்தத் தெருவே பாக்க, நான் எப்படித் திரும்பி வாறது?"

எத்தனையோ நாள் அவர் மேல் எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. அன்றைக்கு வரவில்லை. பயந்துபோயிருந்தார். பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனேன்.

சின்னவர் இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் பிள்ளையின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். சரி, காரியம் பழம் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "வெத்தல பாக்கு?"

"இல்ல சார்."

"டீக்கடைக்கும் இப்படித்தான குடுத்தாரு?"

பத்திரிகையை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"பங்காளிக்கு நேர்ல வந்து தாம்பூலம் வச்சுக் கூப்புடணும். இது தெரிஞ்சவங்களுக்குக் குடுக்குறது. எனக்கும் டீக்கடைக்கும் ஒரே பத்திரிகையா சார்? வெத்தல பாக்கு வைக்கலன்னு அங்கிட்டு சொல்லிருங்க."

சொன்னேன். பெரியவர் யோசித்தார். அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததுமே எனக்குப் பயமாகிவிட்டது. கீழே இறங்கிப் போனார். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய், புதுசாக ஒரு எவர்சில்வர் தட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் தட்டில் அழகாக அடுக்கி, நடுவில் பத்திரிகையை வைத்து, என்னிடம் நீட்டினார்.

"இப்பச் சரியா போச்சுல்ல தம்பி? கொண்டு போயிக் குடுங்க."

"அண்ணே, நீங்களே எந்திரிச்சு வாங்கண்ணே. இந்தா, ஒரு ரூமு தாண்டுனா போதும். நான் கூட வாரேன்."

"அவன் வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும்ணே! சொன்னா சொல்லிட்டுப் போறாரு!" நான் கத்தியே விட்டேன். கோபம் வராது என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன்.

அவர் தட்டை நீட்டியபடியே இருந்தார். தட்டு சாய்ந்து, கொட்டைப்பாக்கு ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, நான் தூக்கிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது? அதுதான் என் உத்தியோகம்.

சின்னவர் தட்டைப் பார்த்தார். இந்த முறை கையை நீட்டவில்லை. முதலில் பத்திரிகை மட்டும் வந்தபோது அவருக்கு இருந்தது வருத்தம். இப்போது வந்தது அவமானம். அது முகத்திலேயே தெரிந்தது.

"தாம்பூலத்த ஆள்கிட்ட குடுத்து விடுறது எந்த ஊர்ப் பழக்கம் சார்? வெத்தல வாங்குனவரு இந்தச் செவத்தச் சுத்தி வர முடியாதா? நான் அவ்வளவு தூரத்துலயா இருக்கேன்?"

அவர் சத்தமாகத்தான் சொன்னார். அந்தப் பக்கம் பெரியவருக்குக் கேட்டிருக்கும். பெரியவர் தன் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. எழுந்து வருகிறார் என்று நினைத்து நானும் சின்னவரும் வாசலையே பார்த்தோம். சின்னவர் சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டார். யாரும் வரவில்லை.

தட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தேன். திருப்பிக் கொடுத்தால் பெரியவருக்கு அவமானம், உள்ளே வைத்தால் சின்னவருக்கு அவமானம். வெற்றிலை என் மேஜையிலேயே கிடந்து காய்ந்தது. பழம் அழுகுமுன் படி பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த தொழிலில், அனுப்பியது அனுப்பியபடி போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஒரு பாக்குக்கூடக் குறையாமல் போய்ச் சேர்ந்த தட்டு அது. இதற்கு மேல் நான் எதைச் சரிசெய்வது?

கல்யாணத்துக்கு நானும் மனைவியும் போனோம். மாப்பிள்ளை வீட்டார் மண்டப வாசலுக்கு வந்தபோது, பெண் வீட்டுப் பங்காளிகள் வரிசையாகச் சந்தனத் தட்டும் பூத்தட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. யாரும் சொல்லி வைக்கவில்லை. அடுத்து நின்றவர்கள் தாங்களாகவே விட்டுவைத்திருந்தார்கள். பெரியவர் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்காமல் அவர்கள் பின்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் வாசிப்பை இழுத்து இழுத்து வாசித்தார்கள். கடைசியில் பெரியவர் என்னைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, இந்தத் தட்டப் புடிச்சுக்கிட்டு இங்கிட்டு வந்து நில்லுங்க."

நின்றேன். சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷர் ஒருவர் எனக்குச் சந்தனம் பூசிவிட்டு, "இவுக யாரு, பொண்ணுக்குச் சித்தப்பாவா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் பெரியவர்.

பந்தியில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பெரியவர் என் இலைப் பக்கம் மறுபடி மறுபடி வந்து, "தம்பி, நல்லாச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து ஆபீஸ் திறந்த அன்று பெரியவர் வருவதற்கு முன்பே சின்னவர் என்னைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் எதையெதையோ புரட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ள எப்படி இருந்துச்சு சார்?"

"நல்லா இருந்துச்சு சார். அரக்குக் கலர் பட்டு. அழுதுக்கிட்டே இருந்துச்சு."

"சின்னதுலயும் அப்படித்தான். எதுக்கெடுத்தாலும் அழும்."

"ஒங்க எடத்துல நான்தான் சார் நின்னேன்."

சின்னவர் தலையை ஆட்டினார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அந்தச் சதை ஆடி என்ன செய்திருந்தது என்பதை அதற்குப் பிறகுதான் காட்டினார்.

"முகூர்த்தத்தன்னைக்கு வீட்ல ஒக்கார முடியல சார். இங்க வந்துட்டேன். ஏதாவது செஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் மனசு நிக்கும்போல இருந்துச்சு." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "மெஷின்லேருந்து எடைய எடுக்குறத நானே பைத்தான்ல எழுதிட்டேன். இத ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். மெஷின் ஒயரிலிருந்து சீட்டு வரைக்கும் ஒரே மொழி, ஒரே புரோகிராம். பெர்ல் இல்லை. நடுவில் ஃபைல் இல்லை. ஷெல் இல்லை. ஒன்றிடம் வாங்கி ஒன்றிடம் கொடுக்க எதுவுமே இல்லை. பேக்கேஜிங் என்று செய்வதற்குக் கூட ஒன்றும் மிச்சமில்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்தால் போதும்.

கறம்பக்குடி ரோட்டு மேடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். சின்னவர் என்ன இருந்தாலும் ஒயர் வேலை தெரியாதவர், அண்ணன் இல்லாமல் மெஷின் அவரிடம் பேசாது என்று நம்பினேன். அங்கே எனக்குத் தெரிந்த எல்லா அழும்பும் செய்து பார்த்தேன். எடை போடுகிற நடுவில் ஒயரைப் பிடுங்கினேன். கரண்டை நிறுத்திவிட்டுப் போட்டேன். லாரியைப் பாதி ஏற்றச் சொல்லிப் பின்னால் எடுக்கச் சொன்னேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டை லாரி, ஜல்லி லாரி, நெல் மூட்டை ஏற்றிய மினி லாரி எல்லாம் ஏறி இறங்கின. ஒரு சீட்டுக்கூடத் தப்பாக வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸில் முதல் தடவையிலேயே சரியாக ஓடிய ஒரே சாமான் அதுதான். ஆபரேட்டர் என் தோளில் தட்டி, "சூப்பர் சார், முன்னைக்கு இது வேகமா இருக்கு" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். மெஷினோடு ஒத்துப்போகவில்லை சார் என்று சொன்னால் நம்பியிருப்பார். சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், திரும்புகிற பஸ்ஸில். ஆனால் மறுநாள் அவரே மேடைக்குப் போய்ப் பார்க்க மாட்டாரா? அதைவிட, நன்றாக ஓடுவதை ஓடவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமான் நல்ல சாமான்.

மறுநாள் காலையில், "ஓடுது சார்" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

சின்னவர் எழுந்தார். என் அறை வழியாகத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். என் மேஜையைத் தாண்டிப் போய்ப் பெரியவர் அறை வாசலில் நின்றார். நான் அந்த ஆபீஸில் சேர்ந்ததிலிருந்து அவர் அங்கே நின்று பார்த்ததில்லை. பெரியவர் நிமிர்ந்தார். கல்யாண வேலையில் அவர் கையில் ஏறிய மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

"அண்ணே" என்றார் சின்னவர்.

பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் முகத்தில் வந்த அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை. மகளைப் பற்றிக் கேட்கப்போகிறான், வராமல் போனதுக்கு ஏதாவது சொல்லப்போகிறான் என்று நினைத்துவிட்டார்.

"மெஷின்லேருந்து எடைய எடுக்குறத நானே எழுதிட்டேண்ணே. நல்லா ஓடுது. இனிமே ஒங்களோடது வேண்டியதில்ல. நான் தனியாப் போயிக்கிறேன்."

பெரியவர் மெல்ல உட்கார்ந்தார்.

"சரிப்பா" என்றார். அப்புறம், யோசித்து, "மழ நேரத்துல ஒயர்ல ஈரம் ஏறும். எடை கூடக் காட்டும். அதையும் பாத்துக்க" என்றார்.

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேசினார்கள். இரண்டு பேர் குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது, கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருப்பேன். சின்னவர் திரும்பி என்னைக் கடந்து தன் அறைக்குப் போனார். பெரியவர் தன் கம்ப்யூட்டரை அணைத்தார்.

எந்த நாளுக்காக அத்தனை வருஷம் ஆசைப்பட்டேனோ அது வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிவிட்டார்கள். நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது. வீட்டுச் சாவி மனைவியிடம் இருந்தது, அவள் பள்ளிக்கூடம் விட்டு வர சாயங்காலம் ஆகும்.